கிரே அடித்த கோல்கள்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம், உன் சுகத்துக்குக் கடவுளை வேண்டுகிறோம் என்று தொடங்குவதுதான் நம் வழக்கம். அப்படி எழுதக் கை வரவில்லை. நாங்கள் சுகமில்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்றும் நான் நம்பவில்லை. தலைப்பில் உன் பெயரை எழுத வேண்டும், அதற்கும் இன்னும் துணிவு வரவில்லை. அதனால் உன் சித்தி கூப்பிடுவதுபோலத் தம்பி என்று போட்டிருக்கிறேன். கடிதம் முடிவதற்குள் பெயரை எழுதிவிடுவேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு லோயரிடம் போகிறாய் என்று எங்கள் ஆன்சரிங் மெசினில் சொல்லி வைத்திருக்கிறாய். "எல்லாத்தையும் சொல்லப்போறன். என்ன வந்தாலும் வரட்டும்." அவ்வளவுதான். இரண்டு மாதமாக உன் குரலைக் கேட்காத வீட்டுக்கு அந்த இரண்டு வரிதான் கிடைத்தது. குறைந்தது பதினைந்து தடவையாவது போட்டுக் கேட்டிருப்பேன். உன் சித்தி வந்து மெசினின் வயரைக் கழற்றிவிட்டாள். போகாதே என்று கெஞ்சத்தான் பேனாவை எடுத்தேன், அதை ஒளிக்கவில்லை. நாலு தாளைக் கசக்கி எறிந்தபிறகு இப்போது வேறொன்றைக் கெஞ்சுகிறேன். இந்தக் கடிதத்தையும் கொண்டுபோ. லோயர் தமிழர் என்றால் அவரே வாசிக்கட்டும், இல்லையென்றால் யாரையாவது கொண்டு மொழிபெயர்க்கட்டும். அதற்காகத்தான் உனக்குத் தெரிந்த கதையையே ஒன்றும் தெரியாதவனுக்குச் சொல்வதுபோல முதலில் இருந்து எழுதுகிறேன். யார் வாசித்தாலும் எனக்கு இனி வெட்கமில்லை.

நான் உன் அப்பா இல்லை. உன் அப்பாவின் தம்பி, உன் சித்தப்பா. என் அண்ணன் உனக்கு ஆறு வயதாக இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். என் மகன் சுதன் உன்னைவிட ஆறு மாதம் மூத்தவன். இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே கடையில் தலைமயிர் வெட்டுவீர்கள், வாத்தியார்மாரே உங்களை மாறி அடித்திருக்கிறார்கள். நான் முன்னால் வந்து இங்கே அகதி வழக்கில் வென்று, மனைவிக்கும் மகனுக்கும் விண்ணப்பம் போட்டேன். விசா வருவதற்கு ஐந்து கிழமைக்கு முன்னால் ரியூசனுக்குப் போன சுதன்மேல் ஷெல் விழுந்தது. அவனுக்குப் பதினான்கு வயது. செத்தவீட்டுக்குப் போக வழியில்லாமல் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில் பதினேழாம் மாடியில் நாலு பேரோடு பங்குபோட்ட அறையில் கிடந்தேன்.

பிறகு விசா வந்தது, இரண்டு பேருக்கு. உன் சித்தி கொழும்பில் ஒரு கொம்யூனிகேஷன் கடையில் நின்று போன் எடுத்தாள். அழுது முடித்த குரல். "ரெண்டு விசா வந்திருக்கு. நான் என்ன செய்ய?" என்றாள். உன் அம்மா சித்தியின் காலில் விழுந்து, என்ர பிள்ளையாவது தப்பட்டும் என்று மன்றாடியபடியால்தான் சுதனின் விசாவில் உன்னைக் கூப்பிட்டேன் என்று இத்தனை வருஷமும் உனக்குச் சொல்லி வந்திருக்கிறேன். அது முழுப்பொய். அண்ணி ஒன்றுமே கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். அடுத்த கிழமை அண்ணியைப் போனுக்கு வரச்சொல்லி, "அவனை எனக்குத் தாங்கோ அண்ணி. அவனுக்கு இங்கத்தைச் சிற்றிசன் கிடைச்ச உடன எல்லாத்தையும் நேராக்கி, உங்களையும் கூப்பிடுறன்" என்றேன். அண்ணி, "அவனுக்குத் தோசை எண்டால் ரெண்டு நேரமும் சாப்பிடுவான்" என்றார். அதைத்தான் நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

விமான நிலையத்தில் நீ என்னை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று போனிலேயே பழக்கியிருந்தேன். பெரிய வேலையில்லை, சித்தப்பாவில் முன்பாதியை விழுங்கிவிட்டுப் பின்பாதியை மட்டும் சொன்னால் போதும் என்று கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேன். கதவு திறந்து நீ வெளியே வந்தாய், என் மகனுடைய நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு. "சித்..." என்று வாயெடுத்தாய். என் முகத்தைப் பார்த்தாய். சப்பாத்தைப் பார்த்தாய். பிறகு "அப்பா" என்றாய். கிட்ட நின்ற உத்தியோகத்தர் சிரித்தார், பிள்ளைக்கு வெட்கம் என்று நினைத்திருப்பார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் பல்லைப் பிடுங்கி எறியலாம்போல இருக்கிறது.

நீ வந்து மூன்றாம் மாதம் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு துண்டு வந்ததே, நினைவிருக்கிறதா? உங்கள் பிள்ளைக்குக் காது கேட்பதில் குறை இருக்கலாம், பரிசோதிக்கவும் என்று. வகுப்பில் ஆசிரியை சுதன், சுதன் என்று கூப்பிட்டால் நீ திரும்புவதில்லை. மைதானத்திலும் அப்படித்தான், பந்து அந்தப் பெயரோடு வரும், நீ வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாய். ஷெல் சத்தத்தில் செவிப்பறை கிழிந்திருக்குமோ என்று உன் சித்தி பயந்தாள். நாமும் போனோம், உன் தலையில் கருவியை மாட்டி ஒரு மணித்தியாலம் பீப் சத்தங்களை ஒலிக்கவிட்டார்கள். நீ ஒன்றையும் தவறவிடாமல் கையைத் தூக்கினாய். இவ்வளவு நல்ல காதை இந்த வருஷம் பார்க்கவில்லை என்றாள் அந்தப் பெண். இறங்கி வரும்போது லிப்ற்றில் நம் இரண்டு பேரைத் தவிர ஒருவருமில்லை. நீ மெதுவாகச் சொன்னாய். "சித்தப்பா, ரீச்சர் வேற ஆரையோ கூப்பிடுறா எண்டு நினைச்சன்." நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "லிப்ற்றுக்குள்ள சித்தப்பா எண்டு சொல்லாதை, கமரா இருக்கும்" என்றேன். அந்த லிப்ற்றில் கமரா இருக்கவில்லை. அதன்பிறகு நீ அந்தச் சொல்லைச் சொல்லவேயில்லை.

இனி டொனலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் துப்புரவு வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருந்த ஐரிஷ்காரக் கிழவர், நீ "உங்கட ஆள் எப்பிடி?" என்று பகிடியாகக் கேட்பாயே, அவரேதான். அவருடைய அறையில் நான் வாளியும் மொப்பும் வைத்துவிட்டு அதிக நேரம் நிற்கிறேன் என்று சூப்பர்வைசர் இரண்டு முறை ஏசியிருக்கிறாள். ஏன் நின்றேன் என்று உனக்கு நான் சொன்னதில்லை. அமெரிக்காவில் உலகக் கிண்ணம் நடந்த கோடையில் எல்லோரையும் ரீவிக்கு முன்னால் இருத்தியிருந்தார்கள். பச்சைச் சேட்டு அணி இறங்கியது. மற்றக் கிழவர்கள் கைதட்ட, டொனல் மட்டும் அழுதார். சத்தமில்லாமல், மூக்கு வடிய. நான் துடைக்கக் கடதாசி கொடுத்தேன். "இவர்கள் கிரேயைக் கூப்பிட்டார்கள், அவன் போகவில்லை" என்றார். கிரே யார் என்று கேட்டேன். அந்தக் கதையை அவர் சொல்லி முடிக்க மூன்று கிழமை எடுத்தது. என் இங்கிலிசும் அவருடைய இங்கிலிசும் ஒன்றை ஒன்று கண்டுபிடிக்கவே பாதி நாள் போய்விடும்.

அவருடைய நாட்டில் இரண்டு பந்தாட்டம் இருந்ததாம். ஒன்று அவர்களுடைய சொந்த ஆட்டம், பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் அடிக்கலாம். மற்றது நாம் ஆடுகிற உதைபந்து, வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் வந்தது. அதை அந்நிய ஆட்டம் என்பார்கள். சொந்த ஆட்டம் ஆடுகிறவன் அந்நிய ஆட்டத்துக்குக் கால் வைத்தால் தடை. பார்க்கப் போனாலே தடை, யார் யார் போகிறார்கள் என்று வேலிக்குப் பக்கத்தில் நின்று பெயர் எடுக்க ஆட்கள் வைத்திருந்தார்களாம். நம்மை மிஞ்சிய சனம் என்று நினைத்துக்கொண்டேன். டொனலின் தகப்பன் அந்தச் சொந்த ஆட்டச் சங்கத்துக்கு ஊர்ச் செயலாளர். டொனல் கோடைகாலத்தில் தன் மாவட்டத்துக்காக அதை ஆடினார், நல்ல ஆட்டக்காரர், ஊரில் குழந்தைகளுக்கு அவருடைய பெயரை வைத்தார்களாம். ஆனால் அவருடைய காலுக்குப் பிடித்தது மற்ற ஆட்டம். வேலைக்கு டப்ளினுக்கு வந்த இடத்தில், பிஸ்கட் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு வெறும் வளவில் அவர் பந்தோடு விளையாடியதைப் பார்த்த ஒரு மனேஜர் தன் அணிக்குக் கூப்பிட்டார். தடையை என்ன செய்வது? பெயரை மாற்று என்றார் மனேஜர். பலர் அப்படித்தான் செய்தார்களாம். அன்றைக்கு ஒருவன் போட்டிருந்த சாம்பல் நிறக் கோட்டைப் பார்த்துக் கிரே என்று எழுதினார்கள். அவ்வளவு யோசனைதான்.

நாலு மாரிகாலம் கிரே ஆடினான். முப்பத்தொரு கோல், டொனல் ஒவ்வொன்றையும் எனக்குப் படுக்கையில் காலை ஆட்டிக் காட்டினார், நான் மொப்பைப் பிடித்துக்கொண்டு கோல்காப்பாளராக நின்றேன். குழுப்படம் எடுக்கும்போது கிரே குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுவான். படத்தில் உச்சந்தலை மட்டும் தெரியும். நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்குப் போனால் தகப்பன் காலைச் சாப்பாட்டு மேசையில் பத்திரிகையை விரித்து, அந்நிய ஆட்டத்தைத் திட்டுவதற்காகவே ஒரு வரி விடாமல் வாசிப்பாராம். ஒருநாள், "இந்தக் கிரே யாருடைய பிள்ளையோ தெரியாது. இப்படி ஒருவன் நம்மிடம் இருந்தால் எப்படியிருக்கும்!" என்றாராம். டொனல் முட்டையைத் தின்றுகொண்டு இருந்தாராம். இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் என்னைப் பார்க்கவில்லை, யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த நாள் அவர் சொன்னதுதான் என்னை இருத்தியது. முதல் மாரிகாலத்தில் கூட ஆடியவர்கள் அவரைச் செவிட்டுக் கிரே என்று கூப்பிடுவார்களாம். "கிரே, கிரே என்று கத்துவார்கள், நான் திரும்பவே மாட்டேன். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நிற்பேன். டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள்" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தம்பி, நான் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துவிட்டேன். நிலமெல்லாம் தண்ணீர். அந்தக் காது டாக்டரின் அறையில் நீ கையைத் தூக்கித் தூக்கி இறக்கியது அப்படியே தெரிந்தது. டொனல் இதைச் சொன்னபோது உனக்கு இருபத்தொரு வயது. அன்றைக்கே வீட்டுக்கு வந்து உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, "சுதன், சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

இதுதான் நான் செய்த பிழைகளில் பெரியது, லோயருக்கு இது தேவைப்படாது, உனக்குத்தான் எழுதுகிறேன். உனக்குச் சிற்றிசன் கிடைத்தபிறகு வீட்டுக்குள் அந்தப் பெயரைச் சொல்ல எந்தத் தேவையும் இருக்கவில்லை. கதவைப் பூட்டிவிட்டு உன் சொந்தப் பெயரால் கூப்பிட்டிருக்கலாம். உன் சித்தி கூப்பிட்டிருக்கிறாளா, கவனித்துப் பார். ஒரு நாளும் அவள் உன்னைச் சுதன் என்றதில்லை. சோறு போடவும் தம்பி, ஏசவும் தம்பி, காய்ச்சலில் நெற்றியைத் தடவவும் தம்பி. அவளால் முடியவில்லை. எனக்கு முடிந்தது. முடிந்தது மட்டுமில்லை, எனக்கு அது வேண்டியிருந்தது. வோபர்ன் வீட்டுக்கு மாறி வந்தபிறகு குசினியில் நின்று மேல்மாடிக்குக் கேட்கிற மாதிரிச் சுதன் என்று கத்துவேன், மேலே இருந்து ஓம் என்று ஒரு குரல் வரும். அந்த ஓமுக்காகத்தான் கத்தினேன். ஒன்றும் தேவையில்லாமல் கத்திவிட்டு, நீ இறங்கி வந்து என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்று சொன்ன நாட்கள் எத்தனை! உன் பள்ளிக்கூட மட்ச்களில் கோட்டுக்கு வெளியே நின்று அந்தப் பெயரைத் தொண்டை கிழியக் கத்தினேன். நீ கோல் அடித்தபோது அடித்தது யார் என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே வேறொருவனுக்குக் கைதட்டினேன்.

உன் அம்மாவுக்கு நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். கடிதங்களை யாரும் திறந்து பார்க்கலாம் என்று பயம் காட்டி, அவர் உனக்குச் சுதன் என்றே எழுத வேண்டும், கீழே பெரியம்மா என்று போட வேண்டும் என்று சொன்னது நான். பெற்ற தாய் பத்து வருஷமாக, "அன்பு மகன் சுதனுக்கு, பெரியம்மா எழுதிக்கொள்வது" என்று எழுதினார். நீ அவற்றை வாசித்துவிட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்பது எனக்குக் கேட்கும். நேராக்கித் தருகிறேன் என்று நான் கொடுத்த வாக்கை அவர் ஒரு கடிதத்திலும் ஞாபகப்படுத்தவில்லை. யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது நடந்தார், பிறகு கொழும்புக்கு வந்தார், இன்று வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் சலரோகத்தில் கண் மங்கி இருக்கிறார். உன் கலியாணத்துக்கு வர விசா கேட்டார், மறுத்துவிட்டார்கள், பெறாமகனின் கலியாணத்துக்கு ஏன் இவ்வளவு தூரம் என்று. தாயென்று நீ ஸ்பொன்சர் பண்ணவும் வழியில்லை. பேப்பரில் உன் தாய் என் மனைவி.

அதற்குமேல்தான் அச்சகத்தில் அந்த நாள் வந்தது. கலியாணக் கார்ட்டில், வழமைபோல, எங்கள் இரண்டு பேரின் பெயரைப் போட்டு, "ஏக புத்திரன்" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். நீ பேனாவை எடுத்து அந்த வரியை வெட்டி, மேலே உன் அம்மாவின் பெயரை எழுதினாய். நான் தாளைக் கிழித்தேன். "நான் ஆற்ற ஏக புத்திரன்? உங்கட மகன் செத்துப்போனான். நான் அவனில்லை" என்றாய், கடைக்காரர் கேட்கக் கேட்க. நான் சொன்ன பதிலை நீ மறந்திருக்க மாட்டாய். "ஓம், நீ அவனில்லை. அவன் எண்டால் இப்பிடிக் கதைச்சிருக்க மாட்டான். உன்னைக் கூப்பிட்டது என்ர பிழை." இதைச் சொன்னது கோபத்தில் என்று சாட்டுச் சொல்ல மாட்டேன். பத்து வருஷமாக உள்ளே கிடந்த அழுக்கு அது. நீ கார் சாவியை எடுத்துக்கொண்டு போனவன்தான்.

இரண்டு கிழமைக்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன், உன் சித்திக்கும் தெரியாது. பஸ் மாறி மாறிப் பிறம்ரனுக்கு வந்தேன், நீ வேலை செய்கிற லொறிக் கொம்பனிக்கு. முன் மேசையில் இருந்த பெண்ணிடம் சுதனைப் பார்க்க வேண்டும் என்றேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்றாள். நான் உயரம், நிறம், டிஸ்பச் வேலை என்று சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "ரமணன் என்று ஒருவர் இருக்கிறார். அவரையா தேடுகிறீர்கள்?" என்று கேட்டாள். அவளுடைய வாயில் உன் பெயர் எவ்வளவு சுலபமாக வந்தது! நீ அங்கே உன் பெயரோடு இருக்கிறாய் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நீ வெளியே வந்திருப்பாய். நான் "இல்லை" என்றேன். மன்னிக்க வேண்டும், இடம் மாறி வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி, பஸ் தரிப்பில் குளிரில் நின்று அழுதேன். என் வயதில் ஒரு மனிதன் நடுவீதியில் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பது நல்ல காட்சியில்லை. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏறினேன்.

டொனல் போன மாதம் போய்விட்டார். அவர் கதையின் மிச்சத்தையும் கேள். ஐந்தாம் மாரி தொடங்குமுன் நாட்டு அணிக்குக் கிரேயைத் தெரிவுசெய்து கடிதம் வந்தது, வெளிநாட்டில் மட்ச், கடவுச்சீட்டு வேண்டும். கிரேக்கு ஏது கடவுச்சீட்டு? டொனல் தகப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ரயில் ஏறினார். தகப்பன் வாசலில் நின்று, வா மகனே, இந்தக் கோடை நீதான் எங்கள் கப்டன் என்றாராம். அவ்வளவுதான், வாய் பூட்டிக்கொண்டது. திரும்பிப் போய், கிரே அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான் என்று மனேஜரிடம் சொன்னார். அதன்பிறகு சொந்த ஆட்டத்திலும் கால் போகவில்லையாம். கப்பல் ஏறி இங்கே வந்து சுரங்கப் பாதை வெட்டினார், ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் தன் சொந்தப் பெயரில் ஆடினார், அதைப் பார்க்க ஒருவருமில்லை. தகப்பன் செத்தது தந்தியில் வந்தது. அந்த முப்பத்தொரு கோலும் யாருடையவை என்று தெரியாமலே செத்தார். டொனல் தன் மனைவிக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை. கடைசி வருஷம் மறதி முற்றியபோது டொனல் என்று கூப்பிட்டால் அவர் திரும்பவில்லை. நேர்ஸ்மார் காது போய்விட்டது என்று எழுதினார்கள். நான் கிட்டப் போய்க் கிரே என்பேன். போர்வைக்குள் வலது கால் அசையும்.

சாமான் எடுக்க வந்த மகள் என்னிடம் கேட்டாள், அப்பா கடைசியில் கிரே, கிரே என்றாரே, அது யார் என்று. நடைபாதையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஐம்பது வயதுப் பெண், அவருடைய சப்பாத்துகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "எங்களிடம் ஏன் சொல்லவில்லை? நாங்கள் என்ன செய்திருப்போம் என்று பயந்தார்?" என்று என்னிடம் கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும்? நீ கலியாணம் செய்யப்போகிற பிள்ளைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய் என்று உன் சித்தி மூலமாக அறிந்தேன். நல்ல காரியம் செய்தாய். அதில் நீ என்னைவிடவும் டொனலைவிடவும் பெரிய ஆள். இனியும் அந்தப் பிள்ளையிடம் ஒன்றையும் ஒளிக்காதே.

நான் பயப்படவில்லை என்று எழுதினால் நீ சிரிப்பாய். பயந்து சாகிறேன். உன் குடியுரிமையைப் பறித்து, இருபத்தைந்து வயதுத் தமிழ்ப் பெடியனை அந்தக் கொழும்புச் சோதனைச் சாவடிகளுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. அதனால்தான் இதைக் கையெழுத்து வைத்து எழுதுகிறேன். பொய் சொன்னது நான். படிவத்தை நிரப்பியது நான். பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல் பழக்கியது நான். உன் சித்தியும் நான் சொன்னபடிதான் நடந்தாள். யாரையாவது பிடிக்க வேண்டுமென்றால் என்னைப் பிடிக்கட்டும், என்னை அனுப்பட்டும். போய் அண்ணியின் காலில் விழவாவது உதவும்.

உன் சித்தியிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன், அச்சகத்தில் நான் கதைத்ததையும் பிறம்ரனில் இல்லை என்றதையும் சேர்த்து. கத்துவாள் என்று பார்த்தேன். சீலைப் பெட்டியைத் திறந்து அடியில் இருந்து சுதனின் படத்தை எடுத்தாள். யாரும் கண்டு கேட்டுவிடுவார்கள் என்று பத்து வருஷமாகச் சுவரில் ஏறாத படம். "அவன் போய்ச் சொல்லட்டும். நீங்கள் மறிக்காதேங்கோ. என்ர பிள்ளைக்கு நான் இன்னும் ஒரு திவசம் குடுக்கேல்லை" என்றாள். ஆணி அடிக்கச் சொன்னாள். அடித்தேன். இப்போது அவன் நீலச் சேட்டோடு வரவேற்பறையில் இருக்கிறான், எல்லோரும் பார்க்க. நம் வீட்டில் இனிச் சுதன் என்று சொன்னால் அது அவனைத்தான்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, சனிக்கிழமை உன் சித்தியே கொண்டுவந்து தருவாள். அவளை வெளியே நிற்கவிடாதே. கார்ட்டில் உன் அம்மாவின் பெயரையும் என் அண்ணனின் பெயரையும் போடு, எங்கள் பெயர் எங்கே வரும், வருமா என்பதை நீயே தீர்மானி. நான் இதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றைத் தவிர. திங்கள் காலை ஒன்பதரைக்கே லோயரின் கந்தோர் வாசலில் நிற்பேன். நீ என்னைக் கண்டும் காணாததுபோல உள்ளே போகலாம், அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால், பின்னால் இருந்து கூப்பிடு. அந்த முழுச் சொல்லால் கூப்பிடு, பாதியை விழுங்காமல். நான் உடனே திரும்புவேன், ரமணா. எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

உன்
சித்தப்பா